பூஜ்யத்துக்கு வட்டம் கிடையாது

வரைபடத்தில் வட்டம் போடுவது குழந்தை வேலை என்று நினைப்பவர்கள் ஒரு நாள் அர்ச்சனாவின் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். பழவேற்காடு கடைத்தெருவில், ஒரு மாடி அறையில், மீனவர் பாதுகாப்புக்கென்று பாசித் நடத்தும் சின்ன அமைப்பில் அவளுக்கு அதுதான் வேலை. பத்து வருடத்தில் ஏரியிலும் முகத்துவாரத்திலும் இறந்தவர்கள் ஊருக்கு எத்தனை பேர் என்று கணக்கெடுத்து, எண்ணிக்கைக்குத் தக்க வட்டத்தை அந்தந்த ஊர் மேல் போட வேண்டும். திங்கட்கிழமை அதிகாரிகள் கூட்டம். ஏரிக்குள் எங்கெங்கே விளக்குக் கம்பம் நடுவது என்று அந்தப் படத்தை வைத்துத்தான் முடிவு செய்யப்போகிறார்கள்.

முதல் படத்தை பாசித்தே போட்டுவைத்திருந்தார். ஒருவர் இறந்த ஊருக்கு இவ்வளவு அகலம் என்றால், ஒன்பது பேர் இறந்த ஊருக்கு ஒன்பது மடங்கு அகலம். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. படத்தில் பார்த்தால், கடலோரத்து ஊர் ஒன்றின் வட்டம் பாதி ஏரியை விழுங்கிவிட்டு உட்கார்ந்திருந்தது. ஒருவர் மட்டும் இறந்த ஊர்களெல்லாம் பேனா முனை பட்ட புள்ளிகள். அச்சில் அவை வருமா என்பதே சந்தேகம்.

"பாசித் பாய், கண்ணு அகலத்த பாக்காது, பரப்பத்தான் பாக்கும். ஒம்போது மடங்கு அகலம் போட்டா எம்பத்தோரு பேரு செத்த மாதிரி தெரியும்" என்றாள் அர்ச்சனா.

"அப்ப இன்னா பண்ணலாம்ன்ற?"

"வர்க்கமூலம் எடுக்கணும். ஒம்போதுக்கு மூணு. மூணு மடங்கு அகலம் போதும். அப்ப எல்லா வட்டத்தியும் கொஞ்சம் பெருசாக்கலாம், சின்ன ஊருங்களும் கண்ணுக்குத் தெரியும்."

செத்தவர்களைப் பற்றி இறால் எடை பேசுவதுபோல அவளால் பேச முடிந்தது. பதினோரு மாதமாக அவள் அப்படித்தான் இருக்கிறாள். போன ஐப்பசியில் அவள் அண்ணன் விக்கி ஏரிக்குப் போனான். படகு மணல்திட்டில் கவிழ்ந்து கிடந்தது, அவன் இல்லை. ஆறு நாள் தேடியும் உடல் கிடைக்கவில்லை. ஊரே மாரடித்துக்கொண்டு அழுதபோது, தேடப் போனவர்களுக்கு டீ போட்டுக் கொடுத்தவள் அவள். பசித்தது, சாப்பிட்டாள். தூக்கம் வந்தது, தூங்கினாள். நெஞ்சு மரத்துப்போயிருந்தது. அது தெரிந்தும் அவளுக்குப் பயம்கூட வரவில்லை.

திருத்திய படத்தை பாசித் கிட்டே வைத்துப் பார்த்தார்.

"இப்ப சரியா கீது. உங்க ஊரு தோணிரேவுக்கு மட்டும் வட்டமே காணோமே?"

"பூஜ்யம் பாய். பூஜ்யத்துக்கு வட்டம் கிடையாது."

எண்ணிக்கை ஊர்ப் பெரியவர்கள் கையெழுத்திட்டுக் கொடுத்தது. தோணிரேவுக்குப் பூஜ்யம் என்று எழுதிக் கொடுத்த பெரியவர் நாகப்பன் பொய் சொல்லவில்லை. ஏரியில் யார் எங்கே வலை விடுவது என்பதற்கு முறை உண்டு, அதற்குப் பாடு என்று பெயர். பாடு பட்டியலில் பெயர் இருக்கிறவன் ஊரைப் பொறுத்தவரை உயிரோடு இருக்கிறவன். உடல் கிடைக்காதவனின் பெயரை, வீட்டார் வந்து கேட்டால்தான் எடுப்பார்கள். விக்கியின் பெயரை இன்னும் வாசிக்கிறார்கள். அவன் முறை வரும்போது சித்தப்பா மகன் வலை விட்டு, மீனை வீட்டில் கொண்டுவந்து கொடுக்கிறான். அம்மா தேவகி பெயரை எடுக்கச் சொல்லவில்லை. புருஷனும் இல்லாமல் நிற்கும் அம்மாவுக்கு இருக்கிற ஒரே பிடிப்பு அதுதான் என்று அர்ச்சனாவும் வாய் திறக்கவில்லை.

"வட்டம் இல்லாத ஊருக்கு விளக்கு குடுக்க மாட்டாங்கம்மா" என்றார் பாசித். "அந்த மணல்திட்டு மேல இன்னும் எத்தினி படகு ஏறணும்? நீயா ஒண்ணுனு போட்டா செல்லாது, நாகப்பன் கையெழுத்து வேணும். அதுக்கு மேல உன் இஷ்டம்."

சனிக்கிழமை மத்தியானம் அவள் படத்தையும் லேப்டாப்பையும் வீட்டுக்கு எடுத்துப்போனாள். தேவகி இறால் உரித்துக்கொண்டிருந்தாள். கையைக் கழுவிவிட்டு வந்து, தரையில் விரித்த படத்தை நெடுநேரம் பார்த்தாள்.

"இது இன்னாடி?"

"ஏரில செத்தவங்க. வட்டம் பெருசா இருந்தா நெறைய பேரு. வட்டம் கீற ஊருக்குத்தான் விளக்கு குடுப்பாங்களாம்."

"நம்ம ஊருக்கு ஒண்ணும் போடலியே."

"அண்ணன் பேரு பாடுல கீதே. நீதான் எடுக்க சொல்லல."

தேவகி மகளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அவன் வரமாட்டான்னு எனக்கு ஆறாம் நாளே தெரியும்டி. தேடப் போனவங்க என் மூஞ்சப் பாக்காம கரையேறுனாங்க. நீதான் ஒரு சொட்டு கண்ணுத்தண்ணி வுடல. பேர எடுத்தா நீ இன்னா ஆவியோன்னு பயந்துகினு வுட்டு வச்சேன்."

உனக்காகத்தானே நான் சும்மா இருந்தேன் என்று சொல்ல நினைத்தாள் அர்ச்சனா. ஒருத்திக்காக ஒருத்தி, இரண்டு பேருமாக ஒரு செத்தவனைப் பதினோரு மாதம் ஏரிக்கு அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

தேவகி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நாகப்பன் வீட்டுக்குப் போனாள். கால் மணி நேரத்தில் கையெழுத்தோடு திரும்பினாள். அர்ச்சனா லேப்டாப்பில் பூஜ்யத்தை அழித்து ஒன்று என்று அடித்தாள். ஒன்றின் வர்க்கமூலம் ஒன்று, கணக்குப் போட வேலையில்லை. ஏரிக்கரையில் மிளகு அளவுக்கு ஒரு வட்டம் வந்து உட்கார்ந்தது.

"இவ்ளோதானா?" என்றாள் தேவகி.

"இவ்ளோதாம்மா. இத பெருசாக்குனா எல்லாத்தியும் பெருசாக்கணும்."

"ஒருத்தர் போன ஊருக்கெல்லாம் இதே அளவுதானே?"

"ஆமா."

"அப்ப இருக்கட்டும் வுடு."

அர்ச்சனா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மற்ற மிளகுகளையெல்லாம் அவள்தான் போட்டிருந்தாள், ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு வீடு இருக்கும் என்று அதுவரை தோன்றியதில்லை. படத்தைச் சேமிக்கக் கையைத் தூக்கினாள். சேமிக்காமல் அம்மா பக்கம் திரும்பினாள்.

"அம்மா, அண்ணன் செத்துட்டான்மா."

"ஆமாண்டி" என்றாள் தேவகி.