அத்தை கேட்க வந்த கச்சேரி

படங்களை மாட்டி முடித்தபோது அவள் கையெல்லாம் சுண்ணாம்புத் தூள். ஒரு காலத்தில் சரக்குக் கிடங்காக இருந்த கட்டடம் அது. இப்போது மாடியில் ஓவியக் கண்காட்சி. கீழே முற்றத்தில் மேடை போட்டு நாள் முழுக்க இசைக்குழுக்கள். குழந்தைகள் புத்தகங்களுக்குப் படம் வரைகிறவள் அவள். படிக்கட்டுக்கு நேர் எதிரே இருந்த சுவரை அவளுக்கு ஒதுக்கியிருந்தார்கள். ஏறி வருகிற யாரும் முதலில் பார்ப்பது, வாயைப் பிளந்துகொண்டிருக்கும் அவளுடைய முதலையைத்தான்.

"நல்ல இடம்டி. மூச்சு வாங்குறதுக்காவது ஒரு நிமிஷம் நின்னுதான ஆகணும்" என்றாள் பக்கத்து மேஜைக்காரி. புத்தகங்களைக் கையால் தைத்துக் கட்டுகிறவள் என்பதால் எல்லோரும் அவளை பைண்டர் என்றே கூப்பிட்டார்கள்.

கூட்டம் சேர்வதற்குள் பதிப்பகத்து எடிட்டர் போனில் வந்தார். அட்டைப்படத்தில் நிலாவைக் கொஞ்சம் கீழே இறக்க வேண்டுமாம், இன்றைக்கே வேண்டுமாம். மேஜைக்கு அடியிலிருந்து டேப்லெட்டை எடுத்து நிலாவை இறக்கி அனுப்பினாள். கொஞ்சம் மேலே ஏற்றச் சொன்னார். ஏற்றினாள். முதலில் இருந்த இடத்திலேயே வந்து நின்றது நிலா. 'இப்பதான் உயிர் வந்திருக்கு' என்று பதில் வந்தது. வேறு நாளாக இருந்தால் இதை பைண்டரிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பாள். நன்றி என்று தட்டிவிட்டு டேப்லெட்டை உள்ளே வைத்தாள்.

பல் டாக்டர் ஒருவர் வந்து முதலையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். தன் கிளினிக்கில் மாட்ட வேண்டும் என்றார்.

"பிள்ளைங்க பயப்படாதா டாக்டர்?" என்று பைண்டர் கேட்டாள்.

"வாயைத் தொறன்னா ஒண்ணு கூடத் தொறக்க மாட்டேங்குது. இதைப் பார்த்தாவது தொறக்கட்டும்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சரியான நேரத்தில்தான் சிரித்தோம் என்பதையும் கவனித்துக்கொண்டாள். விற்றுவிட்டது என்பதற்கு அடையாளமாக முதலையின் ஓரத்தில் ஒரு சிவப்புப் பொட்டை ஒட்டிவிட்டு, அடுத்தவர் நீட்டிய புத்தகத்தில் கையெழுத்துப் போடத் திரும்பினாள்.

போன மாதம்தான் அவளுக்கு விவாகரத்து முடிந்திருந்தது. பெரிய சண்டை எதுவும் இல்லை. ஒருநாள் அவன், "இப்படியே இருந்தா ரெண்டு பேரும் வெறும் வாடகையைப் பங்கு போட்டுக்கிறவங்களா ஆயிடுவோம்" என்றான். அவள் யோசித்துப் பார்த்து, ஆமாம் என்றாள். அன்றிலிருந்து எல்லாமே ஒழுங்காக நடந்தது. கொடுத்த தேதிக்குப் படங்கள் போய்ச் சேர்ந்தன. எப்படி இருக்கிறாய் என்று யார் கேட்டாலும் நல்லா இருக்கேன் என்றாள். அது பொய்யும் இல்லை. எதுவும் வலிக்கவில்லை. குளித்துவிட்டு வந்தால், வெந்நீரில் குளித்தோமா பச்சைத் தண்ணீரிலா என்பது நினைவிருக்காது, அவ்வளவுதான்.

அவன் பேஸ் கிட்டார் வாசிக்கிறவன். அவனுடைய குழுவும் இன்று கீழே வாசிக்கப்போகிறது. வாசலில் ஒட்டியிருந்த அவர்கள் போஸ்டரை அவள் வரும்போதே பார்த்தாள். அவள் வரையாத முதல் போஸ்டர் அது. எழுத்தை ரொம்ப நெருக்கிப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தாள். வேறெதுவும் தோன்றவில்லை.

மதியத்துக்கு மேல், கைப்பிடியை இறுகப் பிடித்தபடி ஒரு அம்மாள் படியேறி வந்தார். முதலையைப் பார்த்து ஒரு நொடி திடுக்கிட்டு நின்றார். அவனுடைய அம்மா.

"வாங்க அத்தை."

வாய் தன் பழக்கத்தில் சொல்லிவிட்டது. சொன்ன பிறகு இருவருமே அந்தச் சொல்லைக் கவனித்தார்கள்.

"முழிக்காத. பின்ன, வாங்க மேடம்னா கூப்பிடப் போற?" என்றார் அத்தை. அவள் நகர்த்திப் போட்ட நாற்காலியில் உட்கார்ந்தார். "ஒரு தடவையாவது வந்து கேளும்மான்னு உயிரை எடுத்தான். சரின்னு வந்தா, கீழ அத்தனை பேரும் கறுப்புச் சட்டை. அதுல எது நான் பெத்ததுன்னே தெரியல."

தண்ணீர் குடித்துவிட்டுச் சுவரை ஒரு சுற்று பார்த்தார். எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார். அப்புறம் குரலைத் தணித்து, "உங்க ரெண்டு பேர் விஷயத்துல நான் வாயைத் தொறக்க மாட்டேன். ஆனா அந்தக் கூட்டத்துல தனியா நிக்க ஒரு மாதிரி இருக்கும்மா. கூட வர்றியா?" என்றார்.

பைண்டர் அவளைப் பார்த்து, வேண்டாம் என்பதுபோலப் புருவத்தை ஏற்றினாள். வர முடியாது என்று சொல்ல ஒரு காரணம் கிடைக்குமா என்று அவளும் தேடினாள். போவதற்கும் போகாமலிருப்பதற்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

"மேஜையைப் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.

முற்றத்தில் வேறொரு குழு வாசித்துக்கொண்டிருந்தது. சத்தம் தாங்காமல் அத்தை இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். கூட்டத்தை விலக்கி, மேடைக்கு முன்னால் போட்டிருந்த இரும்புத் தடுப்பு வரைக்கும் அவரைக் கூட்டிக்கொண்டு போனாள். கொஞ்ச நேரத்தில் அவனுடைய குழு மேடையேறியது. அவன் முடியைக் குட்டையாக வெட்டியிருந்தான்.

இரண்டாவது பாட்டு அவளுக்குத் தெரிந்தது. அடுத்த அறையில் அவன் இரண்டு வருஷமாக உருட்டிக்கொண்டிருந்த பாட்டு. பாதியில் நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பான். அதைக் கேட்டுக்கொண்டே அவள் எத்தனையோ முயல்களையும் குடைகளையும் வரைந்திருக்கிறாள். எப்போதும் நின்றுபோகிற இடத்தை இன்று பாட்டு தாண்டியது. அவளுக்குத் தெரியாத ஒரு மெட்டுக்குள் போனது. இப்போது ஏதாவது வரும் என்று காத்திருந்தாள். அழுகை வரலாம், கோபமாவது வரலாம். ஒன்றும் வரவில்லை. டிரம்ஸ்காரரின் ஸ்டூல் ஒரு பக்கமாகச் சாய்ந்திருப்பதும், பாடுகிற பெண்ணின் ஷூ லேஸ் அவிழ்ந்து கிடப்பதும்தான் கண்ணில் பட்டன.

அத்தை அவள் தோளைத் தட்டினார்.

"அந்தப் பொண்ணு பாடுறது கேக்குது, மேளம் கேக்குது. இவன் வாசிக்கிறது மட்டும் கேக்கவே இல்லையே? மைக் குடுக்கலையா இவனுக்கு?"

"அவர் வாசிக்கிறது தனியாத் தெரியாது அத்தை."

"பின்ன எதுக்கு வாசிக்கிறான்?"

அத்தையின் வலது கையைப் பிடித்து, உள்ளங்கை படும்படி இரும்புத் தடுப்பின் மேல் வைத்தாள். இரும்பு அதிர்ந்துகொண்டிருந்தது.

"டிரம்ஸ் விட்டு விட்டு வருது பாருங்க. அதை விட்டுடுங்க. அதுக்கு அடியில விடாம ஒண்ணு ஓடுதில்ல? அதான் அவர்."

அத்தை கண்ணை மூடிக்கொண்டார். வெகுநேரம் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு உதடு கோணியது.

"வயித்துல இருந்தப்பவும் இப்படித்தான்" என்றார். "சத்தமே இருக்காது. ஓயவும் மாட்டான்."

மீதிப் பாட்டுகள் முடியும்வரை அவர் கையை எடுக்கவில்லை. கன்னத்தில் வழிந்ததை இடது கையால் துடைத்துக்கொண்டார். அவளும் பக்கத்தில் கையை வைத்துப் பார்த்தாள். அதிர்ந்தது. இரும்பு அதிர்கிறது என்று தெரிந்தது.

இறங்கி வந்த மகனை அத்தை கட்டிக்கொண்டார். "கேட்டேன்டா! கையாலயே கேட்டேன்!" அவன் ஒன்றும் புரியாமல் சிரித்தான். அம்மாவின் தலைக்கு மேலாக அவளைப் பார்த்தான்.

"முடிச்சிட்டேன் அந்தப் பாட்டை."

"கேட்டேன். நல்லா இருந்துச்சு."

"உன் படம்லாம்?"

"முதலை போயிடுச்சு."

டிரம்ஸைக் கழற்றி வண்டியில் ஏற்ற அவனை அழைத்தார்கள். "அரை மணி நேரம்மா, இங்கயே இரு" என்று சொல்லிவிட்டு ஓடினான்.

சுவரோரம் கிடந்த பெஞ்சில் அவளும் அத்தையும் உட்கார்ந்தார்கள். கடைசிக் குழு மேடைக்கு வந்தது. நாலு டிரம்பெட், இரண்டு மேளம். அன்று வந்த எல்லாக் குழுக்களிலும் சத்தம் கூடியவர்கள். வரும்போதே இவர்களை மட்டுமாவது பார்த்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் அவள் வந்திருந்தாள். டிரம்பெட்டுகள் நாலும் ஒரேயடியாக எழுந்தது வரைக்கும் அவளுக்கு நினைவிருக்கிறது.

கண் விழித்தபோது மேடையில் ஒயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். முற்றத்தில் பாதிக்கு மேல் காலி. அவன் இன்னும் வந்திருக்கவில்லை. அவள் தலை அத்தையின் தோளில் இருந்தது. புடவைத் தலைப்பில் அவள் எச்சில் வழிந்து ஈரமாகியிருந்தது. கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர் பாட்டில் இருந்தும் அத்தை அதை எடுக்காமல், நேராகப் பார்த்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"எழுப்பியிருக்கலாம்ல அத்தை?"

"அந்தச் சத்தத்துக்கே எழுந்திருக்காதவ, நான் கூப்பிட்டா எழுந்திருப்பியாக்கும்?" என்றார் அத்தை. "கொஞ்சம் தேய்ச்சு விடும்மா. தோள் மரத்தே போச்சு."

அவள் இரண்டு கையாலும் தேய்க்க ஆரம்பித்தாள். "அங்க இல்ல, இன்னும் கீழ" என்றார் அத்தை.