கிர்ஸ்டன் அம்மாவின் ஆடு

டென்மார்க்கிலிருந்து வந்த கடிதத்தை விஸால் ஒரே மூச்சில் படித்துவிட்டாள். இரண்டு வருஷத்துக்கு முன் பூண்டுக் களத்தில் உட்கார்ந்து தோல் உரித்துக்கொண்டிருந்த பெண். அங்கே இருக்கும் கிர்ஸ்டன் அம்மா படிப்புச் செலவை ஏற்றுக்கொண்ட பிறகு, இப்போது ஆறாம் வகுப்பில் இரண்டாவது ரேங்க்.

"என் போட்டோ அவங்களுக்குக் கிடைச்சிடுச்சாம், அம்மா. 'பக்கத்தில் நிற்கும் ஆடு எவ்வளவு அழகு! பார்த்துக்கொண்டே இருக்கலாம்'னு எழுதியிருக்காங்க."

மாவு பிசைந்துகொண்டிருந்த அம்மா ஹமீதாவின் கை அப்படியே நின்றது.

"அழகுன்னா எழுதியிருக்கு? நல்லாப் பாருடி."

"ஆமாம்மா."

"போச்சு! ஆட்டைக் கொடுத்தாகணும்."

எகிப்தில் மின்யா பக்கம் அதுதான் வழக்கம். ஒருவர் உன் பொருளைப் புகழ்ந்தால் 'எடுத்துக்குங்க' என்று சொல்லியாக வேண்டும். அவர் 'உங்ககிட்டயே இருக்கட்டும்' என்பார். விஷயம் முடிந்தது. ஆனால் கடல் தாண்டி இருப்பவர் எப்படி மறுப்பார்?

விஸால் முற்றத்தில் நின்ற ஆட்டைத் திரும்பிப் பார்த்தாள். மிஷ்மிஷ் அவள் புட்டிப்பால் கொடுத்து வளர்த்த ஆடு. ஆனால் கொடுக்காமல் விட்டு, அந்த அம்மா கோபித்துக்கொண்டால்? மறுபடி பூண்டுக் களமா?

மறுநாள் காலை ஆட்டைக் குளிப்பாட்டி, கழுத்தில் நீலமணி கட்டி, ஆட்டோவில் ஏற்றி, கிர்ஸ்டன் அம்மாவின் உதவியை ஏற்பாடு செய்த சங்கத்தின் அலுவலகத்துக்கே கொண்டுபோய்விட்டார்கள். பிள்ளைகளின் கடிதங்களைக் கவனிக்கும் நக்வான், எல்லோரும் மரியாதையாக 'அப்லா' என்று அழைப்பவள், பதறி எழுந்தாள். மிஷ்மிஷ் மேஜைமேல் இருந்த விண்ணப்பம் ஒன்றைச் சுவைத்துப் பார்த்தது.

"விஸால் அம்மா, ஆட்டை எப்படித் தபால்ல அனுப்புறது? ஸ்டாம்பைக் கொம்புல ஒட்டணுமா?"

"அது உங்க பாடு அப்லா. நான் மனசுக்குள்ள 'எடுத்துக்குங்க'ன்னு சொல்லிட்டேன். சொன்னது சொன்னதுதான்."

"அவங்க ஊர்ல அழகுன்னா வெறும் அழகுதான். இதுக்காக யாரும் படிப்பை நிறுத்த மாட்டாங்க."

"அதை அவங்க வாயால சொல்லட்டும்."

அப்லா சிரிப்பை அடக்கிக்கொண்டு நடந்ததையெல்லாம் மின்னஞ்சலில் எழுதினாள். பதில் வரும்வரை ஆடு வீட்டுக்குத் திரும்பியது. ஆனால் அடுத்தவர் பொருள் என்று ஹமீதா பாலை ஒரு சொட்டுக்கூடத் தொடவில்லை. எல்லாம் பக்கத்து வீட்டுக்குப் போனது.

நாலாம் நாள் பதில் வந்தது. 'ஆட்டை நன்றியுடன் ஏற்றுக்கொண்டேன். ஆனால் என் வீடு நாலாவது மாடி. நானோ பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவள், மேய்க்கத் தெரியாது. விஸால் படிப்பை முடிக்கும்வரை அவளே எனக்காக வளர்க்கட்டும். பால் அவளுக்கு. படிப்புச் செலவு எப்போதும்போல் என்னுடையது.'

விஸால் ஆட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு குதித்தாள்.

"என்னடி குதிக்கிறே? இது அமானிதம், நம்மை நம்பி விட்ட பொருள். உன் படிப்பு பாதியில நின்னா நான்தான் அல்லாவுக்குப் பதில் சொல்லணும். போய்ப் புஸ்தகத்தை எடு!"

அடுத்த வருஷம் சங்கத்திலிருந்து போட்டோ எடுக்க வந்தபோது ஹமீதா முற்றத்தையே காலி செய்தாள். கோழி, பித்தளைக் குடம், புதுப் பாய், மிஷ்மிஷ், அதன் இரண்டு குட்டிகள் எல்லாம் வீட்டுக்குள். வெறும் மண்சுவரின் முன்னால் விஸால் மட்டும் நின்றாள்.

பதில் கடிதத்தைப் படித்தவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"என்னடி எழுதியிருக்கு?"

"'உன் சிரிப்பு எவ்வளவு அழகு!'ன்னு."

ஹமீதா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"இதை எப்படிடி பார்சல் கட்டுறது?"