பெட்டிக்குப் பின்னால் பெட்டி

கறுப்பையா நாலாவது பெட்டி கேட்டு வந்திருந்தார். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைத் தாண்டினதும் இருக்கிற ரிஸ்மியின் ரேடியோ, டிவி திருத்தும் கடையில் அன்று நல்ல சனம். எல்லாரும் போகும்வரை ஓரமாக நின்றார். பத்துப் பேர் நடுவில் சொல்லக்கூடிய விஷயமாக அது அவருக்குப் படவில்லை.

"தம்பி, பாட்டுச் செட்டுக்கு இன்னொரு டிஜிட்டல் கன்வேட்டர் வேணும்."

ரிஸ்மி நிமிர்ந்து பார்த்தான். "முந்தின வருஷம் நான் ஒண்டு தந்தேனே அண்ணே. பழுதாகிட்டா?"

"அது நல்லாத்தான் இருக்கு. அதுக்குப் பொறகு கண்டி டவுன்ல ரெண்டு வாங்கிட்டேன்."

"ஒரு செட்டுக்கு மூணா? அப்ப நாலாவது எதுக்கு, மகளுக்குச் சீதனமா?"

கறுப்பையா சிரிக்கவில்லை. "சத்தம் தெளியல்ல தம்பி. சாக்குக்குள்ள இருந்து நாயனம் ஊதுற மாதிரி இருக்கு. இன்னொண்ணு போட்டா தெளியும்."

"மூணையும் எப்படிக் கொழுவியிருக்கீங்க?"

"ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணு. நாங்க தூள் சலிக்கிற மாதிரி."

ரிஸ்மிக்குச் சிரிப்பு வாய்வரை வந்தது. ஆளின் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டான்.

முப்பத்தொரு வருஷம் கறுப்பையா தெல்தெனியவுக்கு மேலே ஒரு தோட்டத்து ஸ்டோரில் சல்லடை மிஷினோடு நின்றவர். ஸ்டோர் என்றால் தேயிலைத் தொழிற்சாலை. தோட்டத்துச் சனம் அப்படித்தான் சொல்லும். உருட்டிக் காயவைத்த இலை முதல் சல்லடையில் விழும். அங்கிருந்து இன்னும் நெருக்கமான சல்லடை, பிறகு அதைவிட நெருக்கமானது. ஒவ்வொன்றைத் தாண்டும்போதும் தூள் ஒரு படி சுத்தமாகும். உலகத்தில் எதையும் சுத்தமாக்க அவருக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். தோட்ட மேனேஜரான துரை மாற்றலாகிப் போனபோது பங்களாச் சாமான்களோடு விற்ற பாட்டுச் செட்டை அவர் வாங்கி வந்தார். அதன் சிடி பிளேயரில் கோளாறு. ரிஸ்மி ஒரு கன்வேட்டரை வெளியே வைத்துக் கொழுவிக் கொடுத்ததும் நாயனம் வீட்டுக்குள் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தது. ஒரு பெட்டிக்கே இப்படி என்றால், ரெண்டு மூன்று போட்டால்? சல்லடைக்காரன் மனம் வேறெங்கே போகும்.

ஆனால் பெட்டி கூடக் கூடச் சத்தம் மங்கிக்கொண்டே போனது. அங்கேதான் அவருக்குப் பயம் பிடித்தது. அதே ஸ்டோரில் இலை உருட்டும் ரோலர் ரூம் இரைச்சலில் வேலை செய்த வேலாயுதம் இப்போது முழுச் செவிடு. மருமகள் அவர் முன்னாலேயே அவரைத் திட்டுவாள். சாப்பிடக் கூப்பிடுகிறாள் என்று நினைத்து மனுஷன் எழும்பி வருவார். அதைப் பார்த்துச் சிரித்த கூட்டத்தில் கறுப்பையாவும் ஒருத்தர். குற்றம் பெட்டியில் என்றால் இன்னொரு பெட்டி வாங்கினால் முடிந்தது. காதில் என்றால் எந்தக் கடையில் போய் வாங்குவது?

இதெல்லாம் ரிஸ்மியிடம் அவர் சொல்லவில்லை. "காது பழுதுன்னு நெனச்சுப்புடாதீங்க தம்பி," என்று மட்டும் சொன்னார், யாரும் கேட்காமலே.

ரிஸ்மிக்கு விளங்கிவிட்டது. "பெட்டி தர மாட்டேன் அண்ணே. நாளைக்குக் கடை பூட்டு. நானே வந்து பாக்கிறேன்."

மறுநாள் காலை அவன் கறுப்பையா வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவர் மனைவி ரத்தினம்மாவின் குரல் வந்தது. முப்பது வருஷம் மலையில் கொழுந்து பறித்தவள். அவள் மெதுவாகப் பேசினாலே அடுத்த வீட்டுக்குக் கேட்கும்.

"வாங்க தம்பி, வாங்க. எங்க வீட்டு மந்திரிய வந்து பாருங்க. சுத்தி எத்தன பேரு காவல் நிக்கிறாங்கன்னு."

அலுமாரிக்குப் பக்கத்து மேசையில் பாட்டுச் செட். அதை ஒட்டி மூன்று கன்வேட்டர்கள், அவற்றுக்கு இடையில் இன்னும் ரெண்டு குட்டிப் பெட்டிகள், பின்னால் வயர்கள் குடல் சரிந்த மாதிரி. ரிஸ்மி ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தான்.

"அண்ணே, சிடியில இரிக்கிறது வெறும் நம்பர். இந்த முதல் பெட்டி அந்த நம்பரச் சத்தமாக்குது. அதோட வேலை முடிஞ்சிருச்சு. அடுத்த பெட்டிக்குக் குடுக்கணுமெண்டா, சத்தத்தத் திரும்பவும் நம்பராக்கணும். அதுக்குத்தான் டவுன் கடைக்காரன் இந்தக் குட்டிச் சாமான வித்திரிக்கான். இதுகள் படு மட்டம். ஆக்கினத அழிச்சு, அழிச்சத ஆக்கி, மூணு தரம் செஞ்சிரிக்கீங்க."

"மூணு தரம் செஞ்சா சுத்தமாகாதா?"

"நான் சொன்னா நம்ப மாட்டீங்க. உங்க காதாலயே கேளுங்க."

காது என்ற சொல் வந்ததும் கறுப்பையாவின் முகம் சுருங்கியது. ஆனாலும் பின்வாங்கவில்லை. ஸ்டோரில் தேத்தண்ணி ருசி பார்க்கும் நாளில் கோப்பைகளுக்குப் பெயர் இருக்காது, நம்பர்தான். எந்தத் தூள் எதுவென்று தெரிந்தால் நாக்கு பொய் சொல்லும். அதே மாதிரி இருக்கட்டும் என்று தன் கதிரையைத் தானே திருப்பிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.

"எட்டிப் பாத்தா தலையில குட்டுவேன்," என்றாள் ரத்தினம்மா.

ரிஸ்மி ஒத்தப் பெட்டியோடு ஒருமுறை, எல்லாப் பெட்டியோடும் ஒருமுறை என்று முறையை மாற்றி மாற்றிப் போட்டான். சத்தம் கூடினதை நல்லது என்று நினைத்துக் காது ஏமாந்துவிடும் என்பதால், ரெண்டையும் ஒரே அளவுக்கு வைத்தான். எது நல்லது என்று ஆறு தடவை கேட்டான். ஆறில் ஐந்து தடவை கறுப்பையா ஒரே சத்தத்தைத்தான் நல்லது என்றார்.

"தெரியாமலா? அதுதான் மூணும் சேந்தது," என்றார் வீராப்பாக.

"அது ஒத்தப் பெட்டி அண்ணே."

கறுப்பையா எழும்பி வந்து பார்த்தார். வயரைத் தொட்டு அது எங்கே போகிறது என்று விரலாலேயே தடவிக்கொண்டு போனார். திடீரென்று நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"அடச்சீ! கூடுதலாச் சலிச்சா தூள்ல கறுப்பு மினுக்கம் உரசிப் போயி, சாம்பல் பூத்திடும். இதுக்கு டீ மேக்கர் ஐயாகிட்ட எத்தன தடவ ஏச்சு வாங்கியிருக்கேன். எனக்கே இது புத்தியில ஓடலையே!" பிறகு அதைவிடப் பெரிய விஷயம் உறைத்தது. "அப்ப காது சரி! கேட்டியா ரத்தினம், என் காது சரி!"

மனுஷன் அன்று குதிக்காத குறை. தேத்தண்ணி ஊற்றச் சொன்னார், மிக்சர் போத்தலை எடுக்கச் சொன்னார். ஒத்தப் பெட்டியில் நாயனம் ஊதிக்கொண்டிருந்தது. ரத்தினம்மா அடுப்படிக் கதவில் சாய்ந்து நின்றாள்.

"இப்பத்தாங்க தாளம் கிண் கிண்ணுன்னு விழுகுது. அந்தப் பெட்டிங்க அத முழுங்கியில்ல வச்சிருந்துச்சு."

"எந்தத் தாளம்?"

"இந்தா, தவிலுக்கு மேல, கைத்தாளம். கேக்கல்லியா?"

கறுப்பையா தலையைச் சாய்த்துக் கேட்டார். தவில் இருந்தது. நாயனம் இருந்தது. வேறொன்றும் இல்லை.

"தம்பி, நீங்க சொல்லுங்க. தாளம் இருக்கா?"

இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் எல்லாரும் சந்தோஷமாகத் தேத்தண்ணி குடித்திருக்கலாம். ரிஸ்மி நிலத்தைப் பார்த்தான்.

"இரிக்கி அண்ணே. எந்தப் பெட்டியும் அத உங்களுக்குத் தராது. கண்டி ஆஸ்பத்திரியில காது கிளினிக் இரிக்கி. போய்க் காட்டுங்க."

கறுப்பையாவுக்குக் கோபமா அழுகையா என்று தெரியவில்லை. வெளியே போய்விட எழும்பித் திரும்பினார். திரும்பினபோது இடது காது ஸ்பீக்கர் பக்கம் வந்தது. ஊசி விழுந்த மாதிரி ஒரு கிண். அப்படியே நின்றார். மறுபக்கம் திரும்பினார், போய்விட்டது. இந்தப் பக்கம் திரும்பினார்; வந்தது. முப்பத்தொரு வருஷம் மிஷின் அவருக்கு வலப் பக்கம்தான் இருந்தது.

"எடது காதுல கொஞ்சம் வருது," என்றார், யாருக்கோ சொல்வது போல.

"நான் கல்யாணமான நாள்லேருந்து ஒங்க வலப் பக்கம் படுத்துத்தானே பேசுறேன்," என்றாள் ரத்தினம்மா. "சொன்னது ஒண்ணும் ஏறாததுக்குக் காரணம் இப்பத்தானே தெரியுது."

"அதெல்லாம் ஏறுச்சு. ஏறாத மாதிரி இருந்தேன்."

ரிஸ்மி வாய்விட்டுச் சிரித்தான். கறுப்பையாவும் சிரித்தார், பாதியில் நிறுத்திவிட்டார். "நானும் வேலாயுதம் மாதிரி ஆயிடுவேனா புள்ள?"

"ஆனாலும் நான் அவரு மருமக இல்ல. திட்டுறதா இருந்தா மூஞ்சிக்கு முன்னால நின்னு, வெளங்குற மாதிரித்தான் திட்டுவேன்."

அடுத்த நாள் விடியக் கண்டி பஸ்ஸில் ஏறினார்கள். ரெண்டு பேர் சீட்டில் யன்னலோரம் எப்போதும் கறுப்பையாவுக்குத்தான். அன்று அவர் நின்றுகொண்டு, "நீ உள்ள போ," என்றார். அவள் யன்னலோரம், அவருக்கு இடப் பக்கமாக உட்கார்ந்தாள். பஸ் எடுக்கும் முன்பே பேசத் தொடங்கிவிட்டாள்: மகளுக்குக் கேட்டு வந்திருக்கிற மாப்பிள்ளை, கூரைத் தகரத்தில் ஓட்டை, பக்கத்து வீட்டு மாடு மேய்ந்த பூசணிக்கொடி. பஸ் திகனவைத் தாண்டியது. பலகொல்லயில் ஒரு லொறி ஹோர்ன் அடித்துக்கொண்டு போனதில் நாலைந்து சொல் நழுவியது. இத்தனை நாளும் அப்படி நழுவினதற்கெல்லாம் தலையை ஆட்டிச் சமாளித்தவர், அன்று அவள் பக்கம் சரிந்தார்.

"என்ன சொன்ன? கேக்கல்ல."

அவள் மாப்பிள்ளையிலிருந்து திரும்பத் தொடங்கினாள்.