நாற்பத்திரண்டு படியும் ஒரு தொன்னைப் பொங்கலும்

ஐந்து டன் இரும்பு அந்தரத்தில் இரண்டடி ஆடியது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் அந்த ஃபோர்ஜிங் கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து அப்படி ஒன்று நடந்ததில்லை. காரணம், மேலே கிரேன் கூண்டில் உட்கார்ந்திருந்தவன் உலகநாதன். தரையில் பாதி திறந்து வைத்த தீப்பெட்டியை, கிரேன் கொக்கியின் நுனியால் நசுக்காமல் தள்ளி மூடிக் காட்டுவான். முடியாது என்று பந்தயம் கட்டியவர்கள் எல்லாரும் தோற்றவர்கள்.

அப்பேர்ப்பட்டவனுக்கு 1998 செப்டம்பர் கடைசியில், காலை ஷிஃப்டில், கண் இருட்டியது. கை லீவரிலிருந்து நழுவியது. தொங்கிய இரும்பு போய்க் கம்பித் தடுப்பில் மோதியது. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை.

கம்பெனி டாக்டர் பார்த்தார். பிரஷர் நூற்று அறுபதுக்கு மேல். சர்க்கரை எல்லைக்கு வெளியே. ஈ.எஸ்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனையில் நாற்பத்தாறு; இருபதைத் தாண்டக் கூடாது. ஷிஃப்ட் இன்ஜினியர் ரகுநாதன் கடிதத்தைக் கொடுத்தபோது முகத்தைப் பார்க்கவில்லை. டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதிக்குள் உடம்பு சரி என்று சர்டிஃபிகேட் வர வேண்டும். அதுவரை தற்காலிகமாகக் கீழே வேலை. வந்தால் கூண்டு. வராவிட்டால் ரிட்டயர் ஆகும்வரை பேக்கிங் செக்‌ஷன்.

தரையிலிருந்து கூண்டுக்கு நாற்பத்திரண்டு இரும்புப் படி. பதினாறு வருஷமாக ஏறிய படி. கீழே நின்று அட்டைப் பெட்டிக்கு நாடா ஒட்டும் உலகநாதனை அவனுக்கே அடையாளம் தெரியவில்லை.

கூண்டில் அவனுக்குப் பதிலாக ஏறியவன் கலியமூர்த்தி. அதுவரை கீழே நின்று கிரேனுக்குக் கை காட்டிக்கொண்டிருந்தவன். டாக்டர் சீட்டில் இருந்த நாற்பத்தாறை எட்டிப் பார்த்துவிட்டான். அந்தப் பக்கத்தில் ஈ.எஸ்.ஆர். ஏறினால் டிபி என்று எல்லாரும் முடிவே கட்டி வைத்திருந்தார்கள்.

"மாமே, எங்க சித்தப்பாவுக்கு நாப்பதுதான் இருந்துச்சு. ஆறு மாசத்துல ஆள் காலி. நீ நாப்பத்தாறு வெச்சிகினு நிக்கிற," என்றான், கேன்டீனே கேட்கும்படி.

மறுநாள் உலகநாதனின் டம்ளரில் சிவப்புப் பெயின்ட்டால் ஒரு பொட்டு இருந்தது. பக்கத்தில் உட்காருபவர்கள் ஒரு பெஞ்ச் தள்ளி உட்கார்ந்தார்கள்.

செய்தி அவன் குடியிருந்த நசரத்பேட்டைக்கு வந்து சேர அரை நாள் ஆகவில்லை. அவன் மனைவி கன்னியம்மா அழவில்லை. அடுப்பைப் பற்றவைத்தாள். டிபியைச் சத்தால்தான் ஜெயிக்க முடியும் என்பது அவள் கட்சி. காலையில் வெண்ணெயில் புரட்டிய இரண்டு முட்டை. மத்தியானம் சோற்றில் நெய். ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆட்டுக்கால் பாயா. சளியை அறுக்கும் என்று யாரோ சொல்லி, சனிக்கிழமை தோறும் அவனே ஒரு குவார்ட்டரும் சேர்த்துக்கொண்டான்.

டிபி வந்தவன் இளைப்பான். இவன் ஊதினான். அந்த ஒரு விஷயம் மட்டும் யார் கண்ணிலும் படவில்லை.

நவம்பர் முதல் வாரம் மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கியது. இனிமேலும் காத்திருக்க முடியாது என்று, குமணன்சாவடியில் டாக்டர் ஜமீலாவின் கிளினிக்குக்குக் கன்னியம்மா அவனை இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் முதலில் எடுத்தது இஞ்ச் டேப். வயிற்றைச் சுற்றி அளந்தார். நாற்பத்தொன்றரை. மறுநாள் வெறும் வயிற்றில் வரச் சொன்னார்.

கிளினிக்கின் பின்னறைதான் லேப். அங்கே பத்மா ஒருத்திதான் எல்லாம். ரத்தம் எடுத்தாள், உறைய விட்டாள், மெஷினில் சுற்றினாள். குழாயின் மேல்பாதியில் தெளிந்த மஞ்சள் நீர் நிற்க வேண்டும். பத்மா குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்.

வெள்ளை. பாக்கெட் பாலை ஊற்றி வைத்தது போல.

ஓடிப்போய் டாக்டரிடம் காட்டினாள். டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு அறுநூற்றுப் பன்னிரண்டு வந்தது. நூற்றைம்பதைத் தாண்டவே கூடாது.

ஜமீலா அவசரப்படவில்லை. நெஞ்சுக்கு எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். மூன்று நாள் சளியைப் பரிசோதிக்கச் சொன்னார். எல்லாம் சுத்தம். அதற்கப்புறம்தான் இருவரையும் உட்கார வைத்தார்.

"டிபி இல்லை," என்றார்.

"அப்ப அந்த நாப்பத்தாறு இன்னா டாக்டர்?" என்றான் உலகநாதன்.

"உடம்புக்குள்ள எங்கேயோ வேகுதுன்னு அது சொல்லும். எங்கேன்னு சொல்லாது. கிருமியாலும் வேகும், வேற எதாலும் வேகும். உங்களுக்கு வேகுற இடம் இது." அவன் தொப்பையைப் பேனாவால் தட்டினார். "இந்தக் கொழுப்பு சும்மா கிடக்கிற மூட்டை இல்ல. நீறு பூத்த நெருப்பு. அந்தச் சூட்டுல சர்க்கரை எரியாம ரத்தத்திலேயே நிக்குது, கொழுப்பு பாலா மிதக்குது, பிரஷர் ஏறுது. நாலும் தனித்தனி வியாதி இல்ல, ஒரே கூட்டம். வெளிநாட்டுல சிண்ட்ரோம் எக்ஸ்னு பேர் வெச்சிருக்காங்க. அந்த நெருப்புக்கும் இதுக்கும் உள்ள தொடர்பை இப்பதான் எழுத ஆரம்பிச்சிருக்காங்க."

கன்னியம்மா என்னென்ன சமைத்தாள் என்று டாக்டர் கேட்டார். அவள் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்து, பாயாவில் நின்றாள்.

"அந்த நெருப்புக்கு நானேவா எண்ணெ ஊத்தினேன்?"

"டிபின்னு நம்பி ஊத்துனீங்க. இப்ப என்னை நம்பி நிறுத்துங்க."

மீதி இருந்தது எட்டு வாரம். பிரஷருக்கு ஒரு மாத்திரை. மற்றதெல்லாம் கன்னியம்மாவின் ராஜ்ஜியம். நெய் டப்பா பக்கத்து வீட்டுக்குப் போனது. குவார்ட்டர் ஒழிந்தது. சோறு பாதியானது, கீரையும் கொள்ளும் தட்டை நிரப்பின. நசரத்பேட்டையிலிருந்து குமணன்சாவடி வரை உலகநாதன் தினமும் நடந்தே போய் அங்கேதான் பஸ் ஏறினான். லாரிக்காரர்கள் ஹாரன் அடித்து வழி கேட்டார்கள். பெல்ட்டில் ஆணியால் ஒரு புது ஓட்டை போட்டான். டிசம்பர் நடுவில் இன்னொன்று.

டிசம்பர் முப்பது, புதன்கிழமை. கடைசி ரத்தப் பரிசோதனை. பத்மா எடுத்தாள், சுற்றினாள், ஜன்னலில் பிடித்தாள்.

மறுபடியும் வெள்ளை.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவனிடம் என்ன சாப்பிட்டீங்க என்று கேட்டாள். பச்சைத் தண்ணீர் தவிர ஒன்றுமில்லை என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தான். டாக்டர் வந்து குழாயைப் பார்த்தார். எட்டு கிலோ இறங்கியிருக்கிறது, பிரஷர் அடங்கியிருக்கிறது, ரத்தம் மட்டும் ஏன் இப்படி என்று தன்னைத்தானே கேட்டுக்கொண்டார். உலகநாதன் எழுந்து நின்றான். பேக்கிங் செக்‌ஷனின் நாடா அவன் கண்ணில் ஓடியது.

பத்மா நகரவில்லை. அவன் நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கலையாத திருநாமம்.

"காலையில கோயிலுக்குப் போனீங்களா அண்ணே?"

"மார்கழி ஆச்சே. பெருமாள் கோயிலுக்கு அஞ்சு மணிக்கே போய்ட்டேன். ரத்தம் நல்லா வரணும்னுதான் வேண்டிகினேன்."

"பிரசாதம் குடுத்தாங்களா?"

"குடுத்தாங்க. ஒரு தொன்னை பொங்கல். நெய் சொட்டச் சொட்ட." அவன் நிறுத்தினான். "இன்னாம்மா நீ, பிரசாதம் எப்படிச் சாப்பாடு ஆவும்?"

டாக்டர் ஜமீலா நாற்காலியில் சாய்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். பெருமாள் கொடுத்தாலும் நெய் நெய்தான் என்றார். ஐந்து மணிக்குத் தின்ற நெய் எட்டரை மணிக்கு ரத்தத்தில் மிதக்கத்தான் செய்யும், இவன் உடம்பில் கொஞ்சம் கூடுதலாகவே மிதக்கும். மறுநாள் மறுபடி எடுப்போம். ஆனால் மறுநாள்தான் கடைசி நாள்.

அன்று சாயங்காலம் ஆறரைக்கே இரண்டு இட்லியோடு கன்னியம்மா அடுப்படிக்குப் பூட்டுப் போட்டுச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள். விடிந்ததும் அவளே கூட நடந்தாள். பெருமாள் கோயில் தெரு முனையில் தெரிந்தவர் ஒருவர் தொன்னையை நீட்டிக்கொண்டே வந்தார். உலகநாதன் அவரைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினான், காலை மட்டும் நிறுத்தவில்லை.

"சாமி கோச்சிக்காது," என்றாள் கன்னியம்மா. "நான் கோச்சிப்பேன்."

பத்மா சாதாரணமாக ரிப்போர்ட்டை மறுநாள்தான் கொடுப்பாள். அன்றைக்கு மற்ற வேலையை ஒதுக்கி வைத்தாள். குழாய் சுற்றி நின்றது. எடுத்து ஜன்னலில் பிடித்தாள். அவர்கள் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

தேங்காய் எண்ணெய் போலத் தெளிவு. குழாய் வழியாக எதிர்க்கடைப் பலகையின் எழுத்து தெரிந்தது.

கொழுப்பு நூற்று நாற்பத்தேழு. சர்க்கரை எல்லைக்குள். ஈ.எஸ்.ஆர். பதினான்கு. இடுப்பு முப்பத்தேழு. நெருப்பு அடங்கிவிட்டது, ஊதி விடாதீர்கள் என்று சொல்லிக்கொண்டே டாக்டர் கையெழுத்துப் போட்டார்.

மத்தியானம் மூன்று மணிக்கு சர்டிஃபிகேட் ரகுநாதன் மேசையில் இருந்தது. அவர் இரண்டு முறை படித்தார். பிறகு எழுந்து ஷெட்டுக்கு வந்து, மேலே கையசைத்துக் கலியமூர்த்தியை இறங்கச் சொன்னார். டெஸ்ட் இல்லாமல் ஏற்ற முடியாது என்றும் சொன்னார்.

இறங்கி வந்த கலியமூர்த்தி சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்தான். பாதி திறந்து தரையில் செங்குத்தாக நிறுத்தினான். மூன்று மாதமாக அவன் கூண்டில் இருந்து யாரும் பார்க்காதபோது முயன்ற வேலை அது. ஏழு தீப்பெட்டி சப்பையாகியிருந்தது.

"ஏறு மாமே. பாப்போம்."

உலகநாதன் ஏறினான். பத்து. இருபது. நடுவில் நிற்கவில்லை. நாற்பத்திரண்டாவது படியில் மூச்சு அவன் மூச்சாகவே இருந்தது. சீட்டில் உட்கார்ந்தான். லீவர் பழைய ஆளைக் கண்டதுபோல உள்ளங்கையில் வந்து அமர்ந்தது.

கொக்கி நகர்ந்தது. ஷெட்டில் சுத்தியல் சத்தம் ஒவ்வொன்றாக ஓய்ந்தது. கொக்கி தீப்பெட்டிக்கு நேர் மேலே நின்றது. ஒரு சாண். நாலு விரல். ஒரு விரல். பிறகு தொட்டதா தொடவில்லையா என்று தெரியாமல் ஒரு தொடுதல்.

'டிக்' என்று பெட்டி மூடிக்கொண்டது. சாயக்கூட இல்லை.

நூறு பேர் தட்டிய கைத்தட்டல் தகரக் கூரையில் மழைபோல விழுந்தது. ரகுநாதன் பழைய கடிதத்தின் நகலை நாலாக மடித்துப் பையில் போட்டுக்கொண்டார்.

டீ வேளையில் கூண்டிலிருந்து வழக்கமான கயிறு இறங்கியது. டீயைத் தூக்கில் வைத்துக் கட்ட வந்தவன் கலியமூர்த்தி. சிவப்புப் பொட்டு டம்ளர் கையில் இருந்தது. மண்ணெண்ணெய்த் துணியால் அழுந்தத் துடைத்ததில் பொட்டு இருந்த இடம் மட்டும் பளபளத்தது. கட்டிவிட்டு மேலே பார்த்தான்.

மேலேயிருந்து குரல் வந்தது.

"மாமே, சக்கரை போட்டியா?"

"போடல அண்ணாத்தே."

"அப்ப அனுப்பு."