வெட்டுப்படாத நிழல்

லோங் தேபான் குன்றின் மரங்களை வெட்டிச் சாய்த்தபோது அவற்றின் நிழல் மட்டும் சாயவில்லை. லாரிகள் கட்டைகளை ஆற்றுத்துறைக்கு இழுத்துப் போன பிறகும் மொட்டைக் குன்றின்மேல் ஈரமும் குளிருமாக அது அப்படியே நின்றது. அங்குள்ள பெனான் பழங்குடி மக்களுக்கு இதில் அதிசயம் எதுவும் இல்லை. பேரப்பிள்ளைகளுக்கென்று கத்தியால் கீறி அடையாளம் வைத்த மரங்கள் அவை. அந்தப் பிள்ளைகளே இன்னும் பிறக்கவில்லை, நிழல் எங்கே போகும் என்றார்கள். மீரி நகரத்திலிருந்து வந்து அவர்களுக்காகப் பல வருடங்களாக வழக்காடிய சியூ யென்னுக்குத்தான் தலைவலி. நிழலைத் தின்ன முடியாது. அவர்கள் மாவெடுத்துச் சாப்பிடும் சாகோப் பனை பக்கத்துக் குன்றில்தான் மிச்சமிருந்தது. அதையும் வெட்டலாமா என்று பார்த்துச் சொல்ல ஒரு விசாரணை அதிகாரி வரவிருந்தார்.

"அண்ணே, பசியில கெடக்கோம்னு சொல்லுங்க. சிரிக்காதீங்க. எதையும் எடுத்து நீட்டாதீங்க" என்று தலைவர் லெஜாவிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். அவரும் நன்றாகத் தலையாட்டினார். வந்தவருக்குப் பங்கு கொடுக்காமலிருப்பது ஒன்றுதான் அந்த மக்களுக்குத் தெரிந்த குற்றம் என்பதை அவள் மறந்துபோனாள். வியர்த்து வழிந்து ஏறிவந்த அதிகாரியை அடர்ந்த நிழலில் உட்காரவைத்தார்கள். லெஜாவின் மனைவி உரின், வீட்டில் இருந்த மாவு முழுவதையும் கிண்டிக் காட்டுப்பன்றிக் கொழுப்போடு அவர் முன்னால் வைத்தாள். அவர் வயிறாரச் சாப்பிட்டு, ஒரு தூக்கமும் போட்டுவிட்டு, இங்கே சோற்றுக்கும் நிழலுக்கும் குறையில்லை என்று தீர்ப்புச் சொல்லிப் போனார். அடுத்த மழைக்குள் பனங்குன்றும் மொட்டையானது.

"ஒரே ஒரு நாள் கஞ்சனா இருந்திருக்கக் கூடாதா?" என்று சியூ யென் கத்தித் தீர்த்தாள்.

"மனுஷன் வெந்து போய் வந்தாரு. நிழல ஒளிச்சா வெக்கிறது?" என்றார் லெஜாவ். "நீயும் கத்திக் கத்தியே காஞ்சு போயிட்ட, தங்கச்சி. உன் பங்க எடுத்துக்கிட்டுப் போ."

வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் படகேறினாள். ஆனாலும் அவள் பங்கு நிழல் கூடவே வந்துவிட்டது. மீரியில் அவள் வீட்டில் துணி காய்வதில்லை. பக்கத்து வீட்டுக் கொடியில் போடுகிறாள். பெனான் மக்கள்மேல் வைத்த பிரியம்தான் இப்படிக் கோபமாக வருகிறது என்பது தெரிந்து அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. குன்றுகளை அவர்களுக்கே திருப்பிக் கொடுக்கக் கேட்டு மேல்முறையீடு செய்தாள்.

விசாரணையன்று நீதிமன்றத்தில் நீதிபதி அண்ணாந்து பார்த்தார். "பட்டப்பகல்ல ஏன் இவ்வளவு இருட்டு?"

"என் பங்கு நிழல், ஐயா" என்றாள். "வெயில்ல வந்திருக்கீங்க, உங்களுக்கும் கொஞ்சம் தரட்டுமா?"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். நீதிபதி நாற்காலியை நிழலுக்குள் சற்று முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். குமாஸ்தா விளக்கைப் போட்டுவிட்டு வழக்கைக் கூப்பிட்டார்.