வைரத்தை எடுத்தவன்

இப்போதெல்லாம் யாரும் வாய்விட்டு எதையும் கேட்பதில்லை. பலகையில் எழுதி மாட்டிவிட்டால் போதும், அதைப் போட்டோ பிடித்துக்கொண்டு போய்விடுகிறார்கள். படிக்கத் தெரியாத பெரியசாமிக்குப் பலகை என்றாலே ஆகாது.

ஏற்காட்டு ஹோட்டலில், தங்க வருகிறவர்களுக்கு ஒரு வைரத்தின் கதையை ஆட்களை நிறுத்திக் காட்டினார்கள். கிருஷ்ணா நதிக்கரைச் சுரங்கத்தில் அதைத் தோண்டிய அடிமை, தன் காலைக் கிழித்துக் காயத்துக்குள் ஒளித்துக்கொண்டு ஓடினானாம். கப்பல்காரன் அவனைக் கொன்று கல்லை விற்றானாம். கடைசியில் சென்னைக் கோட்டை கவர்னர் பிட் வாங்கி, பிரெஞ்சு அரண்மனைக்கு விற்றாராம். கவர்னராக நிற்க, அங்கே வேலை செய்யும் அன்பழகன். அடிமையாக நிற்க, காலில் நீளத் தழும்புள்ள பெரியசாமி.

மானேஜர் ஜாபெஸ் அவர் காலில் துணி சுற்றி, கழுத்தில் அட்டை மாட்டினார்.

“என்னங்க எழுதியிருக்கு?”

“திருடிய அடிமைன்னு. சும்மா நில்லுங்க பெரியவரே.”

பெரியசாமி அட்டையைக் கழற்றினார். அவர் காப்பி பறித்த நாகலூர் எஸ்டேட்டில் சாயங்காலம் கணக்கெழுதும் ரைட்டர் முன்னால் மடியை உதறிக் காட்டிவிட்டுத்தான் கேட்டைத் தாண்ட வேண்டும். அவர் மடியிலிருந்து ஒரு காப்பிக்கொட்டைகூட உதிர்ந்ததில்லை. அந்த கேட்டை இன்றைக்கும் தலை நிமிர்ந்துதான் தாண்டுவார்.

“தோண்டுனது அவன். காலைக் கிழிச்சுக்கிட்டது அவன். கவர்னரு என்னத்தைக் கிழிச்சாருங்க?”

“அவரு வெலைக்கு வாங்குனாருங்க. அவருதான் ஓனரு.”

“அப்ப திருட்டுச் சாமான் வாங்குனவருன்னு அவுரு கழுத்துல மாட்டுங்க.”

அன்பழகன் சிரித்ததில் கவர்னர் தொப்பி கீழே விழுந்தது.

ஜாபெஸ் வேறு அட்டை எழுதினார். பெரியசாமி அவரை நம்பாமல், பெருக்கிக்கொண்டிருந்த மலரைக் கூப்பிட்டார்.

“கண்ணு, இதப் படி.”

“வைரத்தை முதலில் எடுத்தவர்.”

“அவர்னு மரியாதையாப் போட்டிருக்கேன் பாருங்க,” என்றார் ஜாபெஸ்.

“ஏனுங்க, ஹாரிஸ் பாய் கடையில கொடையக் காணோம்னப்ப, யாரு எடுத்தாங்கன்னுதானே கேட்டாங்க? தோண்டியா எடுத்தாங்க?”

மலர் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“சரிங்க, தோண்டியெடுத்தவர்னே போட்டுடறேன்.”

“மொதல் சொந்தக்காரருன்னு போடுங்க.”

“அது கவர்னரு அட்டைங்க. சரித்திரத்தை மாத்த முடியுங்களா?”

“அப்ப உங்க சரித்திரத்துக்கு வேற காலு பாத்துக்குங்க.”

காலில் சுற்றிய துணியை அவிழ்த்து அன்பழகன் கையில் கொடுத்தார் பெரியசாமி.

“அது நடந்துச்சோ இல்லியோ, வெறும் கதைங்க,” என்று ஜாபெஸ் பின்னாலேயே வந்தார்.

“கதையிலயும் நாங்கதான் திருடனுங்களா?”

தழும்பு தெரிய வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, நாகலூர் பஸ்ஸுக்கு நடந்தார். ஜாபெஸ் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். பெரியசாமி திரும்பவில்லை.