ஜெர்மானோ பெயரில் ஒரு மிதவை

1.

இந்தக் கதையை ஒடெட் எனக்குக் கொடுத்தாள் என்று சொன்னால் அவள் ஒப்புக்கொள்ள மாட்டாள். இருவரும் இந்த ஊரில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறோம். காலையில் இஞ்சின் சூடாகும்வரை அவள் புலம்பினாள், நான் கேட்டேன். "எழுதித் தொலை. ஆனா என் புருஷனக் கெட்டவனாக்கிடாத" என்றாள். அந்த நிபந்தனைதான் என்னைப் பாடாய்ப் படுத்துகிறது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'மாசசூசெட்ஸின் தென்கரையில், பனி உருகும் மார்ச் மாதத்தில், காற்று...' வேண்டாம். காற்றுக்கு இதில் வேலையில்லை.

பிறகு: 'ஓடிப்போன கணவனுக்காகக் காத்திருந்த...' ஒடெட் படித்தால் என் மேல் பேருந்தை ஏற்றுவாள். அவன் ஓடிப்போகவில்லை. நாட்டின் மறுகோடியில், மேற்குக் கடற்கரைக்கு இழுவைப் படகு வேலைக்குப் போனான். வாரம் ஒருமுறை போன் வந்தது. பிறகு குறைந்தது. பிறகு அந்த எண்ணே உபயோகத்தில் இல்லை. அவள் அனுப்பிய மெயில்களெல்லாம் கிணற்றில் போட்ட கல்.

ஆகவே இப்படி: துறையில் படகைக் கட்டிவைக்கும் அனுமதியைப் புதுப்பிக்கும் கடைசித் தேதியை ஒடெட் ஃபர்ட்டாடோ தவறவிட்டாள்.

2.

எங்கள் படகுத்துறையில் படகைக் கட்டிவைக்க, நீரில் நங்கூரமிட்ட ஒரு மிதவை கிடைப்பது லேசில்லை. பிள்ளை பிறந்ததும் பட்டியலில் பெயர் எழுதிவைத்தால் அதன் கல்யாண வயதில் கிடைக்கலாம். தேதி தவறினால் இடம் அடுத்தவருக்கு. கணவன் ஜெர்மானோ போன பிறகும் ஒடெட் அவன் பெயரிலேயே அனுமதியைப் புதுப்பித்து, அவன் படகை அதே மிதவையில் கட்டிவைத்தாள். அவளுக்குப் படகு ஓட்டத் தெரியாது. அவன் வரும்போது படகு விட்ட இடத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இந்த வருடம் வீட்டுக்கு நினைவூட்டல் வரவில்லை. படகுத்துறை அலுவலகத்துக்குப் போனாள்.

"நோட்டீஸே வரல, ரஸ்."

"இந்த வருஷத்துலேந்து தபால் கிடையாது, மிஸஸ் ஃபர்ட்டாடோ. எல்லாம் மெயில்தான். ஃபைல்ல இருந்த மெயிலுக்குப் போயிருக்கு."

"யாரோட மெயிலு?"

"அவரோடது."

"மூணு வருஷமா ஆளக் காணோம். அவனுக்கு அனுப்பிட்டு எங்கிட்ட கெடு முடிஞ்சுதுங்கறியா? பபிள்கம்ம சீட்டுல ஒட்டினியே, அன்னிக்கே உன்ன நடுரோட்டுல எறக்கி விட்டிருக்கணும்டா."

(ரஸ் சின்ன வயதில் அவள் பேருந்தில் போனவன். இப்போது படகுத்துறை அதிகாரி. காது சிவந்துவிட்டதாம் அவனுக்கு. ஒடெட் மிகைப்படுத்தியிருக்கலாம். இருந்தாலும் வைத்துக்கொள்கிறேன்.)

"ரூல் என்னன்னா..." திரையைப் பார்த்தவன் நிறுத்தினான். "மெயில் போய்ச் சேந்திருக்கு. திறந்தும் பாத்திருக்காங்க."

"யாரு?"

"அது தெரியாது. திறந்தாச்சுன்னு மட்டும் காட்டும்." குரலைத் தாழ்த்தினான். "ஒரு தடவ இல்ல. நேத்துகூட."

3.

'ஒடெட் மகிழ்ந்தாள்' என்று எழுதி அடித்தேன். 'ஒடெட்டுக்கு ஆத்திரம்...' என்பதையும் அடித்தேன். கடைசியில் அவளையே கேட்டேன்.

"உயிரோட இருக்கானேன்னு இருந்துச்சு. உயிரோட இருந்துமான்னு இருந்துச்சு. ரெண்டும் ஒரே மூச்சுல."

இதைவிட நன்றாக எழுத எனக்கு வராது.

ஜெர்மானோவைத்தான் என்னால் பிடிக்க முடியவில்லை. ஒரு வாடகை அறையில் உட்காரவைத்தேன். தன் இடம் பறிபோகிறது என்ற செய்தியைத் திரும்பத் திரும்பப் படிக்கிறான். புதுப்பிக்கவில்லை, மனைவிக்கு ஒரு வரி எழுதவும் இல்லை. வெட்கமா? நோயா? அங்கே வேறொருத்தியா? எந்தக் காரணத்தைக் கொடுத்தாலும் எழுந்து போய்விடுகிறான்.

4.

ரஸ் ஒரு வழி சொன்னான். "மனைவிங்கறதால உங்க பேருக்கு மாத்திக்கலாம். இடம் போகாது. இனிமே நோட்டீஸ் உங்களுக்கே வரும்."

ஒடெட்டுக்குப் புரிந்தது. இனி அவனுக்கு இந்தத் துறையிலிருந்து எதுவும் போகாது. அவன் திறந்து பார்க்கிறான் என்று தெரியவந்த ஒரே ஒன்றும் நின்றுவிடும். மாற்றாவிட்டால் பட்டியலில் முதலில் நிற்கும் பல் டாக்டர் தன் வெள்ளைப் படகைக் கொண்டுவந்து கட்டிவிடுவார்.

நான் எழுதிப் பார்த்த ஒரு முடிவில், டாக்டரையே கட்டவிட்டேன். இன்னொன்றில் ஜூன் மாதம் ஜெர்மானோ வெள்ளைச் சட்டையோடு கரையில் வந்து நின்றான். ஒடெட் அந்தப் பக்கத்தைப் படித்தாள். "அவன் வெள்ளச் சட்ட போடமாட்டான்" என்றாள். ஆனால் தாளை மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டாள்.

நடந்தது இது. தன் பெயருக்கு மாற்றக் கையெழுத்துப் போட்டாள்.

"உங்க மெயில் சொல்லுங்க" என்றான் ரஸ்.

அவள் ஜெர்மானோவின் முகவரியை எழுத்து எழுத்தாகச் சொன்னாள்.

"இது அவரோடதாச்சே. அடுத்த வருஷமும் உங்களுக்கு நோட்டீஸ் வராது."

"தேதி எனக்குத் தெரியும். நீ அவனுக்கு அனுப்பு."

இந்த இடம் இனி ஒடெட் ஃபர்ட்டாடோ பெயரில் என்ற அறிவிப்பு போனது. ரஸ் திரையை அவள் பக்கம் திருப்பிவைத்துவிட்டு, காப்பி வாங்கப் போவதாகச் சொல்லி வெளியேறினான். பிள்ளைகளைக் கூட்டிவரும் நேரம்வரை அவள் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

திரையில் என்ன வந்தது என்று அவள் என்னிடம் சொல்லவில்லை. நானும் எழுதப்போவதில்லை. பக்கத்தில் இன்னொரு நாற்காலி இருக்கிறது. உட்காருவதானால் உட்காருங்கள், அவளிடம் பேச்சு மட்டும் கொடுக்காதீர்கள்.